ஊன்றியிருந்த சோற்றுக்கை

முதல் அறிகுறிக்கான பழியை நான் ஆடுகளின் மேல் போட்டேன்.

பேகம்பூரில் எங்களுக்கு ஆட்டுத்தோல் மண்டி. கறிக்கடைகளிலிருந்து வரும் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்கி, தரம் பிரித்து அனுப்புவது தொழில். தரம் பிரிப்பது கையால்தான். இடது உள்ளங்கையை ஒருமுறை தோலின் மேல் ஓட்டினால் கத்திக் கீறல், உண்ணி கடித்த தழும்பு, உப்பு ஏறாத இடம் எல்லாம் தெரிந்துவிடும். முப்பது வருடப் பழக்கம். அன்று காலை பத்து மணிக்கு ஒரு தோலைத் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. சொரசொரப்பும் இல்லை, வழுவழுப்பும் இல்லை. காற்றைத் தடவியதுபோல் இருந்தது.

"இது செத்த தோலு, ஒதுக்கி வை" என்றேன்.

அடுத்ததும் அப்படியே. பதினோரு தோல்களை ஒதுக்கிவிட்டு, கன்னிவாடியிலிருந்து சரக்குக் கொண்டுவந்தவரைக் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன். அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே பாய் இருக்கு?" என்றார். எனக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வந்துவிட்டாயா என்று கேட்டேன். இடது கை மரத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் உள்ள ஆடுகளெல்லாம் ஒரே நாளில் கெட்டுப்போயின என்பதை நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். நாக்கு கொஞ்சம் தடித்தது. செத்த நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்று என் மனைவி மைமூனிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன். நான்கு மணிக்கு எழுந்து இடது காலைத் தரையில் வைத்தேன். கால் அங்கே இல்லை. அதாவது இருந்தது, என்னிடம் வரவில்லை. அப்படியே கட்டிலுக்குக் கீழே போனேன்.

மைமூனின் தம்பி சுல்தான் ஆட்டோ பிடித்து வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் கேட்டார், "எப்ப ஆரம்பிச்சுச்சு?"

"பத்து மணிக்கு" என்றேன். வாய் கோணியிருந்ததால் அது வேறு ஏதோ சத்தமாக வந்தது. சுல்தான் மொழிபெயர்த்தார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சுல்தானிடம் பேசினார்.

எனக்கு வந்தது பக்கவாதம். மூளையின் வலது பாதிக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு. வலது மூளைதான் இடது உடம்பை ஆள்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. அறிகுறி தொடங்கி ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள் வந்தால், தகுதியுள்ளவர்களுக்குப் போடுவார்கள். அந்த நேரத்தை நான் ஆடுகளோடு சண்டை போட்டும் குறட்டை விட்டும் செலவழித்திருந்தேன். இதைப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் இதுதான் முதன்மையானது. திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் மரத்தாலோ படுக்காதீர்கள். மணியைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

வார்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு வந்த நோயைப் போல என் நோயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்தா, நோயா, நானா என்று தெரியாது. கை மரத்தது போல உள்ளேயும் ஏதோ மரத்திருந்தது. கேலி மட்டும் பழைய வழக்கத்தில் வந்துகொண்டிருந்தது. முப்பது வருடம் தோல் வியாபாரம் பண்ணிவிட்டு, என் இடது பக்கத் தோல் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லையே என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான். பாதி முகத்தால் சிரித்தால் அது சிரிப்புக் கணக்கில் சேர்வதில்லை.

மூன்றாம் நாள் என்னைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்தார்கள். கையை எடுத்ததும் உப்பு மூட்டைபோல் இடது பக்கம் சரிந்தேன். மறுபடி வைத்தார்கள், மறுபடி சரிந்தேன்.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், "எப்ப நடப்பாரு?" என்றே கேட்பார்கள். எப்போது உட்காருவார் என்று ஒருவரும் கேட்பதில்லை. உட்காருவது ஒரு வேலை என்றே எனக்கும் தெரியாது. உடல்நடுக் கட்டுப்பாடு (வயிறு, முதுகு, விலா, இடுப்பு ஆகியவற்றின் தசைகள் சேர்ந்து உடம்பை நிமிர்த்திப் பிடிப்பது) போய்விட்டால் கை காலில் எவ்வளவு பலம் இருந்தும் பயனில்லை. கம்பம் ஆடினால் பந்தல் நிற்காது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மைமூன் என்னைக் கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, தன் பழைய புடவையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினாள்.

"ஓடியா போகப்போறேன்?" என்றேன்.

"சும்மா இருங்க. விழுந்தா யாரு தூக்குறது? அம்புட்டுக் கனம்" என்றாள். முடிச்சை இரண்டு தடவை போட்டாள். கட்டும்போது அவள் கண்ணீர் என் கையில் விழுந்தது. வலது கையில் விழுந்ததால் தெரிந்தது.

இந்த நிலைமையில்தான் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வந்தது. மகள் நஸ்ரினின் நிக்காஹ் முன்பே நிச்சயமாகியிருந்தது. இன்னும் மூன்றரை மாதம். மாப்பிள்ளை வீடு கீழக்கரைப் பக்கம். அவர்கள் வழக்கப்படி நிக்காஹ் முடிந்ததும் சகன் சாப்பாடு. பெரிய வட்டத் தட்டு ஒன்றைச் சுற்றி நான்கு பேர் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவது. முதல் சகனில் பெண்ணின் அத்தாவும் (அப்பா) மாப்பிள்ளையின் அத்தாவும் எதிரெதிராக உட்காருவார்கள். அவரவர் பக்கத்திலிருந்துதான் எடுத்துச் சாப்பிட வேண்டும். ஆனால் பெண்ணின் அத்தா முதலில் ஒரு நல்ல கறித்துண்டை எடுத்து எதிரே இருக்கும் சம்பந்தியின் பக்கம் வைப்பார். அதன்பிறகுதான் மற்றவர்கள் கை நனைப்பார்கள்.

சம்பந்தி தங்கமான மனிதர். "நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம் சம்பந்தி. உங்களுக்கு நாற்காலி போட்டுத் தனித்தட்டு வச்சிருவோம். உங்க எடத்துல உங்க மச்சான் உக்காரட்டும்" என்றார்.

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நஸ்ரின்தான் பக்கத்து அறையிலிருந்து வந்தாள்.

"அத்தா, நீங்க கீழ உக்காருவீங்களா, மாட்டீங்களா?"

"உக்காந்து சகனுக்குள்ளயே விழுந்துட்டா? நாலு பேரு சோறும்மா."

"விழுந்தா விழுங்க. வேற சகன் கொண்டுவரச் சொல்லுவோம்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, எனக்கு வராத வருத்தம் எங்கே போயிருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சி கொண்டு சிகிச்சை தருபவர்) ஸ்டெல்லாவிடம் சொன்னேன். நாகல் நகரிலிருந்து வாரத்தில் ஐந்து நாள் ஸ்கூட்டரில் வருவார். என் மகளைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சிரிக்க வைப்பது கடினம்.

"மூணரை மாசத்துல தரையில உக்காந்து சாப்பிடணும் டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்ல பாய். முதல்ல நாற்காலியில கட்டு இல்லாம உக்காருங்க, அப்புறம் பேசுவோம்."

கட்டை அவிழ்த்தார். "நேரா இருக்கீங்களா?" என்று கேட்டார். கொடிக்கம்பம் மாதிரி இருக்கிறேன் என்றேன். எங்கள் மண்டிப் பூட்டு வீட்டில் சும்மா கிடந்தது. கனமான திண்டுக்கல் பூட்டு. அதைக் கயிற்றில் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிட்டு, பக்கத்தில் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். கயிறு நேராகத் தொங்கியது. கண்ணாடியில் இருந்த ஆள் இடது பக்கம் சாய்ந்திருந்தான்.

"கயிறு கோணலா இருக்கே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் தெரிந்தது.

"பூட்டுக்கு ஸ்ட்ரோக் வரல பாய்" என்றார் ஸ்டெல்லா.

பக்கவாதம் வந்த சிலருக்கு நேர் எது என்ற உணர்வே சாய்ந்துவிடுமாம். உடம்பு சாய்ந்திருக்கும், மூளை அதை நேர் என்று சொல்லும். நேராக நிமிர்த்தினால் விழப்போகிறோம் என்று பயந்து சாய்ந்த பக்கமே தள்ளும். "உங்க உடம்பைக் கேக்காதீங்க, அது பொய் சொல்லும். கயித்தப் பாருங்க" என்றார். ஐம்பத்தாறு வயதில், ஒரு பூட்டின் பேச்சைக் கேட்டு வாழ ஆரம்பித்தேன்.

பயிற்சிகள் பார்க்க அற்பமானவை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. உட்கார்ந்து இடுப்பை முன்னும் பின்னும் சாய்ப்பது. ஒரு பக்கப் பிட்டத்திலிருந்து மறு பக்கத்துக்குப் பாரத்தை மாற்றுவது. தோளையும் இடுப்பையும் எதிரெதிராகத் திருப்புவது. பத்து தடவை செய்தால் வியர்த்து ஊற்றும். "மூச்சைப் பிடிக்காதீங்க, எண்ணிக்கிட்டே செய்யுங்க" என்பார். எண்ணினேன். நாட்கள் போய், எண்கள் மட்டும் மிஞ்சின. இன்று செவ்வாயா புதனா என்று கேட்டால் தெரியாது. நாற்பதா ஐம்பதா என்றால் தெரியும்.

இவற்றை நீங்கள் புத்தகத்தைப் பார்த்துத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். எதை எப்போது என்று உங்களைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். மரத்த பக்கத்தில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

இரண்டாம் மாதம் முடியும்போது கூடத்தில் மெத்தை விரித்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். சுவர் இல்லை, புடவைக் கட்டு இல்லை. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம், பிறகு பத்து. ஸ்டெல்லா அந்த வாரம் ஊரில் இல்லை. அவர் திரும்பி வரும் நாளில் அவருக்குக் காட்ட வேண்டும் என்று சுல்தானையும் வரச்சொன்னேன். மைமூன், நஸ்ரின், பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று ஒரு சபையே கூடிவிட்டது.

பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தேன். சுல்தான், "மாஷா அல்லாஹ், மச்சான், அரசாங்க ஆபீசுல இருக்கிறவுகளால்லாம் இப்புடி உக்கார முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. தட்டிலிருந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"எடுத்துச் சாப்பிடுங்க பாய்."

எடுக்கக் கையைத் தூக்கினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது மின்விசிறி. நஸ்ரின் என் தலையைப் பிடித்திருந்தாள்.

ஸ்டெல்லா என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு மெத்தையைக் காட்டினார். என் வலது தொடைக்குப் பக்கத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மெத்தை அமுங்கி, பள்ளமாக இருந்தது. அந்த ஒரு வாரமும் நான் உட்கார்ந்தது இடுப்பால் அல்ல. வலது கையை ஊன்றி, அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். எனக்கே தெரியாது. வீட்டில் யாரும் கவனிக்கவும் இல்லை. சாப்பிடுவதற்காகத்தான் இவ்வளவு பாடும். சாப்பிட வேண்டிய கையைத் தரையில் நட்டுவைத்துவிட்டுப் பாடுபட்டிருக்கிறேன். இடது கையால் சாப்பிடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இருந்தாலும் அந்தக் கை ஒரு பருக்கையையும் தூக்காது.

"கை ரெண்டு வேலை பாக்க முடியாது பாய்" என்றார் ஸ்டெல்லா. "ஊனுற வேலைய இடுப்பு பாக்கணும். சோத்துக்கை சோத்துக்குத்தான்."

நஸ்ரின் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது.

மறுநாளிலிருந்து வெங்காயம். ஸ்டெல்லா சின்ன வெங்காயத்தை என் முன்னால் அரைவட்டமாக வைப்பார். வலது கையைத் தரையில் வைக்கக் கூடாது, மடியில் வைக்க வேண்டும். சொன்னதும் ஒரு வெங்காயத்தை எட்டி எடுத்து வந்து மடியில் போட வேண்டும். முதல் நாள் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்ததற்கே சரிந்தேன். மைமூன் இடது பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் பிடித்தாள். அந்த மாதம் எங்கள் வீட்டுக் குழம்பிலும் வெஞ்சனத்திலும் விழுந்த வெங்காயம் எல்லாம் நான் உருட்டியது. கசக்கி, நசுக்கி, வியர்வை பட்டு. யாரும் குறை சொல்லவில்லை.

வாரத்துக்கு வாரம் வெங்காயம் அரை சாண் தள்ளிப்போனது. கடைசி வெங்காயம் எங்கே இருக்க வேண்டும் என்று நஸ்ரின் மாப்பிள்ளை வீட்டில் விசாரித்து, சகன் தட்டின் அகலத்தை நூலில் முடிச்சுப்போட்டு வாங்கியிருந்தாள். அந்த நூலின் மறுமுனையில் அது இருந்தது. பல நாள் அதை நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நிக்காஹுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒருமுறை எடுத்தேன். இரண்டாம் முறை விழுந்தேன்.

"பாதிக்குப் பாதி" என்றேன்.

"பாதி போதாது பாய். ஆனா பக்கத்துல ஆள் இருந்தா உக்காரலாம்" என்றார் ஸ்டெல்லா.

ஆள், சுல்தான். "ஒனக்கு எடது பக்கம் நான் உக்காந்துக்குறேன் மச்சான். என் முட்டிய ஒன் தொடையோட அண்டக் குடுத்துர்றேன். ஒரு பயலுக்குத் தெரியாது" என்றார். எனக்கும் தெரியாது என்பதுதான் அதில் விசேஷம். இடது தொடையில் யானை சாய்ந்தாலும் எனக்குத் தகவல் வராது.

நிக்காஹ் முடிந்தது. என்னைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்தார்கள். எதிரே சம்பந்தி, வலது பக்கம் அவருடைய அண்ணன், இடது பக்கம் சுல்தான். நடுவில் சகன். நெய்ச்சோறு, கறி, ஓரத்தில் தாளிச்சா. ஆவி பறந்தது. மண்டபத் தூண் ஒன்று சம்பந்தியின் தலைக்குப் பின்னால் நேராக நின்றது. அதையே என் பூட்டாக வைத்துக்கொண்டேன்.

சம்பந்தி தலை குனிந்து காத்திருந்தார். அவர் அண்ணனும் காத்திருந்தார்.

வலது கையை மடியிலிருந்து எடுத்தேன். இடுப்பு நின்றது. சோற்றுக்குள் கையை விட்டு நல்லி எலும்பு ஒன்றைப் பிடித்தேன். வெங்காயத்தைவிடக் கனம், நெய்யில் வழுக்கியது. தூணைப் பார்த்துக்கொண்டே முன்னால் குனிந்தேன். தட்டின் நடுவைக் கடந்தபோது தூண் மெதுவாகச் சாயத் தொடங்கியது. தூண் சாயாது என்று எனக்குத் தெரியும். சுல்தானின் முட்டி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். விழுந்தால் சோறு சூடாக இருக்கும், பாதி முகத்துக்குத்தான் சுடும் என்று ஒரு நினைப்பு வந்தது. யாரோ எங்கோ இருமினார்கள். பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை அழுது, சமாதானமாகி, மறுபடி அழுதது. இடது பக்கம் என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. மூச்சைப் பிடிக்காதீங்க பாய். எண்ண ஆரம்பித்தேன். எலும்பைச் சம்பந்தியின் பக்கம் வைத்தேன். திரும்பி வரும் வழி போன வழியைவிட நீளமாக இருந்தது. கை மடிக்கு வந்தது.

"பிஸ்மில்லாஹ்" என்றார் சம்பந்தி.

எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். உப்புச் சரியாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து நிக்காஹ் வீடியோ வந்தது. மைமூன், சுல்தான், ஸ்டெல்லா எல்லோரும் பார்த்தோம். சகன் வந்ததும் வீடியோக்காரர் நெய்ச்சோற்றை நன்றாகக் கிட்டத்தில் காட்டிவிட்டுப் பின்னால் போனார். நான்கு பேரும் தெரிந்தோம். சுல்தானின் முட்டி என் தொடையிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. அவர் கண் தாளிச்சாவின் மேல் இருந்தது.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"நெய்ச்சோத்து வாசத்துல மறந்துட்டேன் மச்சான்" என்றார்.

மைமூன் தன் தம்பியை அடிக்கக் கை ஓங்கினாள். பாதியில் நிறுத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டெல்லா அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். "எடது தோள் இறங்குது. நாளைக்குப் பாப்போம்" என்றார். பிறகு அவரும் சிரித்தார். முதல் தடவை.

அது மறுபடி ஓடியபோது நான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். கை போய் வந்தது ஒன்பது விநாடி. நம்பவில்லை. மறுபடி ஓடவிடச் சொன்னேன். ஒன்பதுதான்.

இப்போது காலையில் மண்டிக்குப் போகிறேன். முதுகு சாயாத முக்காலியில் உட்கார்ந்து வலது உள்ளங்கையால் தோலைத் தடவுகிறேன். அந்தக் கை புதிதாகப் படிக்கிறது, நிறைய தப்பு விடுகிறது. கன்னிவாடிக்காரர் இப்போது என்னோடு வாதாடுவதில்லை. அதுதான் சங்கடமாக இருக்கிறது. இடது பக்கம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இருக்கிறது.

மாலையில் ஸ்டெல்லா வெங்காயத்தை அடுக்குகிறார். நான் எட்டுகிறேன். நடு இடம் வந்ததும் மண்டபத்துத் தூண் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது, குழந்தை அழுகிறது, எலும்பு கையில் வழுக்குகிறது. அந்த ஒன்பது விநாடி மற்றவர்களுக்கெல்லாம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. நான் இன்னும் சகனுக்கு மேலே, எதையும் ஊன்றாமல், பாதி வழியில் இருக்கிறேன்.